படிக்கட்டின் தொலைவு



நம் ஊருக்கு மருத்துவமனை எத்தனை கல் தொலைவில் உள்ளது என்று கேட்டால் உடனே விடை கூறிவிடலாம். அதன் படியேற ஒருவர் எத்தனை மாதம் தயங்கினார் என்று கேட்டால் விடை கூறுவது அரிது. பாலுறவால் பரவும் நோய்களைத் தடுக்கும் பணியில், இந்த இரண்டாவது தொலைவே பெரிதாக நிற்கிறது.

1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும், எச்.ஐ.வி. கிருமி இந்தியாவிலும் உண்டு என்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. இன்று நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்னும் பெயர்ப் பலகையைக் காணலாம். அங்கே ஆலோசகர் முதலில் தனிமையில் பேசுவார். வருபவர் இசைந்த பின்னரே குருதி எடுக்கப்படும். கட்டணம் இல்லை.

காலந்தாழ்த்துவதால் வரும் கேடு யாது? இக்கிருமி உடலில் புகுந்த பின்னும் பல ஆண்டுகள் வெளிப்படையான நோய்க்குறி தோன்றாமலிருக்கலாம். அதற்குள் அறியாமலே பிறருக்குப் பரவிவிடும். உரிய காலத்தில் அறிந்து நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவரோ நெடுங்காலம் நலமாக வாழலாம். குருதியில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடிக்கும் வரை, பாலுறவு வழியாக அது பரவுவதில்லை. மருத்துவம் பெறாத தாயிடமிருந்து குழந்தைக்கு இது தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. தக்க மருத்துவத்தால் அதனை 5க்கும் கீழாகக் குறைக்கலாம். ஒரு தாயின் தயக்கம் ஒரு குழந்தையின் வாழ்வையே தொடுகிறது அன்றோ!

ஆகவே, மையம் திறந்தால் மட்டும் போதாது. மக்கள் அச்சமின்றி வரவும் வழி வேண்டும். தனித்து நிற்கும் கட்டடத்தில் நுழைபவரை ஊர் உற்றுநோக்கும். பொது மருத்துவமனைக்குள்ளே அமைந்தால் எவரும் கவனியார். கூலி வேலை செய்வோர்க்கு மாலை நேரம் ஏற்றது. கதவுள்ள அறையும், கடிந்துரையாத ஊழியரும் மருந்தைப் போலவே இன்றியமையாதவர். 2018 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், இசைவின்றிச் சோதிப்பதையும் ஒருவரது நிலையை வெளியிடுவதையும் பொதுவாகத் தடுக்கிறது. நேரில் செல்லத் தயங்குவோர் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஐயம் தெளியலாம்.

சட்டம் எட்டாத இடம் ஒன்று உண்டு. அது நம் நாக்கு. உடன் உண்பதாலும் கைகுலுக்குவதாலும் இந்நோய் பரவாது. ஆணுறையும், பிறர் பயன்படுத்தாத ஊசியும் காப்பு அளிக்கும். இவற்றை நாணமின்றிக் கற்றுக்கொள்ளுங்கள். நோயுற்றவரைப் பற்றிய ஏளனச் சொல் ஒன்று வகுப்பறையில் எழும்பொழுது, அதைக் கேட்டிருக்கும் யாரோ ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லும் நாளை மேலும் தள்ளிப்போடக் கூடும். அச்சொல்லைத் தடுத்துவிடுங்கள், அவருக்கு அந்த மையம் சற்று அருகில் வரும்.