மாதவிடாய் தள்ளிப்போவது ஏன்?

மாதவிடாய் கருப்பையில் நிகழ்ந்தாலும் அதற்கான ஆணை மூளையிலிருந்தே பிறக்கிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸ் விட்டுவிட்டுச் சுரக்கும் ஹார்மோன் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அச்சுரப்பி அனுப்பும் இரு ஹார்மோன்களால் சினைப்பையில் முட்டை முதிர்கிறது. அப்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வை வளர்க்க, முட்டை வெளியேறிய பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அச்சவ்வைக் கருவைத் தாங்கும்படி பக்குவப்படுத்துகிறது. கரு தங்காதபோது இவ்விரு ஹார்மோன்களும் குறைய, சவ்வு உதிர்ந்து உதிரத்துடன் வெளியேறுகிறது.

வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருவது இயல்பு. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான இசைவு முழுமை பெற்றிராததால், இடைவெளி 45 நாட்கள் வரை நீளக்கூடும். கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டும் காலம், பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் நேரும் மாதவிடாய் நிறைவு ஆகியவற்றில் அது நின்றுபோவதும் இயற்கையே. இவற்றுக்கு அப்பால் மாதவிடாய் நிற்பதற்கு ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு நிலைகள் காரணமாகலாம்.

முதலாவது, உடலுக்குப் போதிய ஆற்றல் கிடைக்காத நிலை. உணவு குறைந்து உடற்கொழுப்பு கரையும்போது, கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோனும் குறைகிறது. கருவைச் சுமக்கும் வலு உடலுக்கு இல்லை என்று அதனால் உணரும் ஹைப்போதாலமஸ் தன் தூண்டுதலைத் தளர்த்திவிடுகிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைப் பஞ்சம் வாட்டியபோது பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றது. இன்று கடும் உணவுக் கட்டுப்பாடும், உண்பதற்கு மிஞ்சிய உடற்பயிற்சியும், நீடித்த மனஉளைச்சலும் அதே விளைவைத் தருகின்றன. இந்நிலையில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், எலும்பு உறுதிபெற வேண்டிய இளம்பருவத்திலேயே அது வலுவிழக்கத் தொடங்குகிறது.

இரண்டாவது, பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஒருவரிடம் காணப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய். 1935-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஸ்டைன், லெவென்தால் ஆகியோர் விவரித்த இந்நோயில் தென்படுபவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிர்ச்சி பாதியில் நின்றுபோன முட்டைப்பைகளே அவை. முகத்தில் முடி வளர்தல், முகப்பரு, உடற்பருமன் ஆகியவை இதனுடன் சேர்ந்து வரலாம். இங்கு ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டிருக்கிறது; ஆனால் முட்டை வெளியேறாததால் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. எனவே உதிராத சவ்வு மேலும் மேலும் தடித்து, கவனிக்கப்படாமல் பல ஆண்டுகள் சென்றால் கருப்பைப் புற்றுநோய்க்கும் இடமளிக்கலாம்.

தைராய்டு கோளாறு, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் மிகுதல், மனநோய்க்கான சில மருந்துகள், 40 வயதுக்கு முன்பே சினைப்பை செயலிழத்தல் ஆகியவையும் மாதவிடாயை நிறுத்தக்கூடியவை.

நாள் தள்ளிப்போனால் கெட்ட இரத்தம் உள்ளே தேங்கிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. பெரும்பாலான நிலைகளில் அவ்வாறு எதுவும் தேங்குவதில்லை. ஆனால் வயதுக்கு வராத சிறுமிக்கு மாதந்தோறும் அடிவயிறு வலித்தால், பிறவியிலேயே வழி அடைபட்டு உதிரம் உள்ளே தங்குகிறதா என்று உடனே பரிசோதிக்க வேண்டும்.

15 வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணும், சீராக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதங்கள் வராத பெண்ணும் மருத்துவரைக் காண்பது அவசியம். கர்ப்பத்திற்கு வாய்ப்பிருந்தால் முதலில் அதற்கான பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். காரணத்துக்கேற்பச் சிகிச்சையும் மாறும். ஒருத்திக்குத் தேவைப்படுவது கூடுதல் உணவும் ஓய்வும். மற்றொருத்திக்கு எடைக் குறைப்பும் மருந்தும். காரணம் அறியாமல் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி உதிரத்தை வரவழைத்துக்கொள்வது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. ஆகவே, மகள் தன் மாதவிடாய் பற்றித் தயங்காமல் பேசும் சூழலைப் பெற்றோர் வீட்டில் உருவாக்க வேண்டும். அதில் வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை.