பம்பின் இதயம்

திண்டுக்கல் சமவெளியில் உழவர் பலருக்குக் கிணற்றுப் பாசனமே உயிர்நாடி. மோட்டார் ஓடியும் நீர்வரத்துக் குறைந்தால், குழாயில் கசிவோ ஃபுட்வால்வில் அடைப்போ உண்டா என முதலில் காண வேண்டும். அவை சீராக இருப்பின், பம்பினுள் சுழன்று நீரை வெளித்தள்ளும் இம்பெல்லர் மணலால் தேய்ந்திருக்கலாம்.

மின்சாரத்தைத் துண்டித்து, உறையைக் கழற்றி, நட்டை நீக்கித் தேய்ந்ததை எடுக்க வேண்டும். புதியது அதே விட்டம் உடையதாக இருத்தல் வேண்டும். பெரியதாயின் மோட்டார் மிகுசுமையால் சூடேறும். பூட்டியபின் தண்டைக் கையால் சுழற்றி, உரசல் இல்லையென உறுதிசெய்தல் நன்று.

இறுதியாகப் பம்பை நீரால் நிரப்புதல் இன்றியமையாதது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி மிக்கது. ஆதலால் காற்றை மட்டும் சுழற்றும் இம்பெல்லரால் கிணற்று நீரை மேலேற்ற இயலாது. ஒரு குடம் நீர் ஊற்ற மறந்தால், புதிய இம்பெல்லரும் பயிரைக் காவாது.