நடந்து போகிற மானும் அதீ கேட்ட கேள்விகளும்

அம்பு வேட்டை பற்றி அதீ இப்னு ஹாதிம் (ரழி) நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட கேள்விகள் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகின்றன. முனை துளைத்துச் செத்தால் உண்ணலாம். பக்கவாட்டில் அடிபட்டுச் செத்தால் கூடாது. அது சூரத்துல் மாஇதா 3ஆம் வசனம் விலக்கிய, அடிபட்டுச் செத்த பிராணி. அம்பு பட்டது தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தாலும் கூடாது. கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாதே.

இலங்கையில் மான் வேட்டை சட்டப்படி குற்றம். அதனால் இதெல்லாம் எங்களுக்குக் கிதாபில் ஓதிவிட்டுப் போகிற பாடம். அமெரிக்காவில் உரிமம் எடுத்து வெண்வால் மானுக்கு வில்லோடு போகிற முஸ்லிமுக்கு அப்படியல்ல.

கணக்கைப் பாருங்கள். கப்பி பூட்டிய இன்றைய வில்லின் அம்பு செக்கனுக்குச் சுமார் 280 அடி போகும். 20 யார் தூரத்துக்கு ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதற்குள், சும்மா நடக்கிற மானே ஓரடி அளவு முன்னால் போய்விடும். தோளுக்குப் பின்னால் நெஞ்சறைக்கு வைத்த குறி குடலில் ஏறும். நுரையீரலில் பட்ட மான் கொஞ்சத் தூரத்தில் விழுந்துவிடும்; குடலில் பட்டதோ மணிக்கணக்காக வேதனைப்பட்டு, பெரும்பாலும் தண்ணீர் தேடித்தான் போகும். அதீயின் கேள்வி அங்கே வந்து நிற்கிறது.

ஆகவே, அனுபவசாலிகள் மானுக்கு முன்னால் குறிவைத்துப் பார்ப்பதில்லை, மானை நிற்பாட்டுவார்கள். அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்போதே வில்லை இழுத்து, கிளைகளுக்கிடையில் உள்ள வெளியைப் பார்த்து வைத்து, மான் அங்கு வந்ததும் வாயால் மெல்ல ‘மே’ என்பார்கள். அது நின்று பார்க்கும். சத்தம் கூடினால் வெருண்டுவிடும். வெருண்ட மான் நாண் ஓசைக்கே உடம்பைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலால் போகும். ஒலி அம்பை விட நாலு மடங்கு வேகம் அல்லவா? இடையில் ஒரு சுள்ளி தட்டினாலும் அம்பு திசைமாறிவிடும்.

பிஸ்மி சொல்வது அம்பை விடும் நேரத்தில். எங்கட ஷாபிஈ மத்ஹபில் அது சுன்னத். ஹனபியில் வேண்டுமென்று விட்டால் ஹலாலாகாது. விழுந்த மானில் உயிர் தெளிவாக இருந்தால் அறுத்தே ஆகவேண்டும். கத்தி இடுப்பில் இருக்கவேண்டும். ‘மே’ சொல்லியும் நிற்காமல் போகிற மானுக்கு, இழுத்த நாணை மெதுவாகத் தளர்த்திவிடுவார்கள்.