உலகம் சின்னது இல்ல, நம்ம பாதைதான் குறுகல்

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தித் தந்திருக்கிறோம்.)

ஹெட்போன் மாட்டிக்கிட்டு பஸ்லயோ மெட்ரோலயோ போய்க்கிட்டு இருந்தீங்கன்னா, ஒரு தடவை தலையைத் தூக்கி சுத்திப் பாருங்க. தெரிஞ்ச முகம் ஏதாவது இருக்கா? தினமும் போற ரூட்லயே யாரும் இல்ல. ஆனா பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, பாஷை தெரியாத ஊர்ல இறங்கினா, "டேய், நீ எங்கடா இங்க?"ன்னு ஒரு குரல் கேக்கும். இது ஏன் நடக்குது? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல என் கதை. எனக்குச் சொந்த ஊர் செஞ்சி. ஆமா, விழுப்புரம் மாவட்டம், மூணு மலை, பெரிய கோட்டை. சில வருஷம் முன்னாடி முதல் தடவையா வெளிநாடு போனேன். சிங்கப்பூர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவுல, தேக்கா பக்கம் நடந்துக்கிட்டு இருக்கேன். எதிர்ல ஒருத்தர் வர்றார். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், பூட்ஸ் முழுக்க சேறு, கையில ஒரு பார்சல். ரெண்டு பேரும் ஒரு செகண்ட் நின்னோம். ஸ்கூல்ல எனக்கு ரெண்டு வருஷம் சீனியர். காந்தி பஜார்ல எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவங்க வீடு.

"அண்ணா!"ன்னு கத்திட்டேன். அவரும் சிரிச்சார். டீ வாங்கிக் கொடுத்தார். நான் என்ன பண்ணேன்னா, அவர் தோள்ல கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்து, "உலகம் ரொம்ப சின்னதுப்பா"ன்னு எழுதி, எங்க ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். அந்த போட்டோ என்ன ஆச்சுன்னு கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி, உலகம் உண்மையிலயே சின்னதான்னு பார்ப்போம்.

தப்பான கேள்வி

இப்படி யாரையாவது பார்த்ததும் நாம கேக்குற கேள்வி: "இத்தனை கோடி பேர்ல, இந்த அண்ணனை, இந்த நேரத்துல, இந்தத் தெருவுல பார்க்குறதுக்கு என்ன சான்ஸ்?" பதில், ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா கேள்வியே தப்பு.

பிறந்தநாள் புதிர் கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு ரூம்ல 23 பேர் இருந்தா, அதுல யாராவது ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாளா இருக்க 50 சதவீதத்துக்கும் மேல வாய்ப்பு இருக்கு. நம்பவே முடியாது. ஏன்னா நம்ம மனசு உடனே "என் பிறந்தநாள்ல வேற யாரு?"ன்னு தேடும். உங்க பிறந்தநாளோட ஒத்துப்போக அதே 50 சதவீத வாய்ப்பு வேணும்னா 253 பேர் தேவை. ஆனா புதிர் கேக்குறது உங்களை இல்ல, "யாராவது ரெண்டு பேர்". 23 பேருக்குள்ள 253 ஜோடி போட முடியும். வாய்ப்பு ஒளிஞ்சிருக்கறது அந்த ஜோடிகள்ல.

சிங்கப்பூர்லயும் அதேதான். அந்த அண்ணனுக்குப் பதிலா என் மாமா பையனைப் பார்த்திருந்தாலும், பழைய ஆபீஸ் மேனேஜரைப் பார்த்திருந்தாலும், கெமிஸ்ட்ரி மிஸ்ஸைப் பார்த்திருந்தாலும் அதே அளவுக்குத்தான் கத்தியிருப்பேன். அதனால சரியான கேள்வி: "எனக்குத் தெரிஞ்ச யாராவது ஒருத்தரைப் பார்க்க என்ன வாய்ப்பு?"

நமக்கு எத்தனை பேரைத் தெரியும்? அமெரிக்காவுல 2010ல வெளியான ஒரு ஆய்வு, சராசரியா ஒருத்தருக்கு சுமார் 600 பேரைத் தெரியும்னு கணக்குப் போட்டுச்சு. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்குற நம்ம ஊர்ல அதுக்குக் குறையாதுன்னு நினைக்கிறேன். ஆனா 600ன்னே வச்சுப்போம்.

இப்ப ஒரு சும்மா கணக்கு. ஒரு பயணத்துல, ஒரு நாள்ல, அந்த 600ல குறிப்பிட்ட ஒருத்தர் உங்க கண்ணுல பட லட்சத்துல ஒரு வாய்ப்புன்னு வைங்க. 600 பேர், 7 நாள். 4,200ஐ லட்சத்தால வகுத்தா, ஒரு பயணத்துக்கு சுமார் 4 சதவீதம். அதாவது 24 பயணத்துக்கு ஒரு தடவை. உங்க ஃப்ரெண்ட்ஸ் 24 பேர் ஆளுக்கு ஒரு தடவை வெளிநாடு போய்ட்டு வந்தா, ஒருத்தராவது இந்தக் கதையோட வருவாங்கன்னு எதிர்பார்க்கலாம். மத்த 23 பேர் "மச்சி, நான் யாரையுமே பார்க்கலடா"ன்னு ஸ்டோரி போட மாட்டாங்க. அதனால நம்ம காதுக்கு வர்றது அந்த ஒரு கதை மட்டும்தான்.

ஒரே படிக்கட்டு

அந்த லட்சத்துல ஒண்ணுங்கறது, உலகத்துல எல்லாரும் எங்க வேணும்னாலும் சிதறி நடக்குறாங்கன்னு வச்ச கணக்கு. நிஜத்துல யாரும் அப்படி நடக்குறதில்ல. இதைப் புரிய வைக்க எங்க ஊர் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன்.

செஞ்சிக் கோட்டைன்னா ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மூணையும் சுத்தி வளைக்குற மதில். அவ்வளவு பெரிய இடம். காலையில கீழ வண்டி நிறுத்துற இடத்துல ஒரு குடும்பத்தைப் பார்த்தீங்கன்னா, கல்யாண மகால் பக்கம் அவங்க எங்கயோ, நீங்க எங்கயோ. ஆனா ராஜகிரி உச்சிக்குப் போகணும்னு முடிவு பண்ணா ஒரே படிவழிதான். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி பாறையில ஒரு பெரிய பிளவு, அதுக்கு மேல ஒரு சின்னப் பாலம். மேல போற எல்லாரும், கீழ இறங்குற எல்லாரும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஆகணும். காலையில பிரிஞ்ச அந்தக் குடும்பத்தை அங்க மூச்சு வாங்க நிக்கும்போது மறுபடி பார்ப்பீங்க. அதுல ஆச்சரியமே இல்ல, வழி அப்படி.

வெளிநாட்டுப் பயணமும் அந்தப் படிக்கட்டுதான். எங்க ஊர்ப் பக்கத்துல இருந்து வேலைக்குப் போறவங்க பெரும்பாலும் போறது சிங்கப்பூர், மலேசியா, வளைகுடான்னு சில இடம். ஏறுறது சென்னையில அதே சில ஃப்ளைட். சிங்கப்பூர்ல கட்டுமான வேலைன்னா நிறைய பேருக்கு லீவு ஞாயிறு. லீவுல பணம் அனுப்ப, ஃபோன் கார்டு போட, நம்ம சாப்பாடு சாப்பிட, ஃப்ரெண்டைப் பார்க்கன்னு எல்லாத்துக்கும் போற இடம் லிட்டில் இந்தியா. ஊர் சுத்தப் போன நானும், தோசை தேடி அதே ஞாயித்துக்கிழமை அங்கதான் போனேன். ஒரு நகரம் முழுக்க நான் அவரைத் தேடல. பாலத்துல நின்னேன், அவர் வந்தார்.

துபாய்ல கராமா, கோலாலம்பூர்ல பத்துமலை, பாரிஸ்ல லா ஷப்பெல், லண்டன்ல ஈஸ்ட்ஹாம். ஒவ்வொரு ஊர்லயும் நமக்கு ஒரு பாலம் இருக்கு. லட்சத்துல ஒண்ணுன்னு போட்டதை இந்தப் பாலத்துக்காகப் பத்தாயிரத்துல ஒண்ணுன்னு மாத்திப் பாருங்க. ரெண்டு மூணு பயணத்துக்கு ஒரு தடவை தெரிஞ்சவரைப் பார்ப்பீங்க.

"ஆறு பேர் தள்ளி உலகத்துல எல்லாரும் சொந்தம்"னு சொல்வாங்கல்ல? அதுக்குப் பின்னாடி இருக்குற சோதனையும் இதைத்தான் காட்டுது. 1960கள்ல அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் பண்ணது. முன்பின் தெரியாத ஒரு பாஸ்டன் பங்குத் தரகருக்கு, தெரிஞ்சவங்க கை வழியாவே ஒரு கடிதக் கட்டை அனுப்பணும். டிராவர்ஸ்ங்கறவரோட சேர்ந்து அவர் 1969ல வெளியிட்ட கணக்குப்படி, 296 பேர்கிட்ட தொடங்குச்சு, 64 போய்ச் சேர்ந்துச்சு, நடுவுல சராசரியா அஞ்சு பேர். எல்லாரும் அந்த அஞ்சைத்தான் ஞாபகம் வச்சிருக்காங்க. எனக்குப் பிடிச்ச எண் வேற. போய்ச் சேர்ந்த 64ல, 16 கடைசியா வந்தது ஒரே ஒரு துணி வியாபாரி கை வழியா. எங்கெங்கயோ கிளம்பினதெல்லாம் ஒருத்தர் கடை வாசல்ல வந்து சேருது.

"தெரிஞ்சவர்"னா யாரு?

இன்னொரு விஷயமும் நடக்குது. இது கணக்கு இல்ல, மனசு.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த அண்ணனை செஞ்சி பஸ் ஸ்டாண்டுல பார்த்திருந்தா நான் நின்னிருக்கவே மாட்டேன். தலையை லேசா ஆட்டிட்டு திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பேன். ஸ்கூல்ல அவர்கிட்ட நாலு வார்த்தை பேசியிருந்தா அதிகம். சிங்கப்பூர்ல அவர் எனக்குக் கூடப் பொறந்தவர் மாதிரி ஆயிட்டார்.

ஊரை விட்டு எவ்வளவு தூரம் போறோமோ, "நம்ம ஆளு"ங்கற வட்டம் அவ்வளவு விரியும். செஞ்சியில நம்ம தெரு. சென்னையில நம்ம ஊர். டெல்லியில தமிழ் பேசினாலே போதும். பனி கொட்டுற ஏதோ ஒரு ஐரோப்பிய ஸ்டேஷன்ல, மலையாளமோ தெலுங்கோ கேட்டாக்கூட திரும்பிப் பார்ப்போம். "செஞ்சியா? நான் மேல்மலையனூர் பக்கம்ங்க"ன்னு ஒருத்தர் சொன்னா அவ்வளவுதான், சொந்தம். அப்ப அந்த 600 அங்க 600 இல்ல. பல மடங்கு.

செஞ்சிக்கு வந்த ஒரு பயணி

இதெல்லாம் ஜாலியான விஷயம்தான். ஆனா தெரிஞ்சவங்க கண்ணுல படுறது எல்லாருக்கும் சந்தோஷம் இல்ல. அதுக்கும் எங்க ஊர்லயே ஒரு கதை இருக்கு.

1689. சிவாஜியோட மூத்த மகன் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்னுட்டார். இளைய மகன் ராஜாராமுக்கு வயசு 19. முகலாயப் படை ராய்கட் கோட்டையைச் சுத்தி வளைக்குது. அவர் தப்பிச்சு தெற்கே வரணும். போய்ச் சேர வேண்டிய இடம், 1677ல அவங்க அப்பா பிடிச்சு வலுப்படுத்தின செஞ்சி. வழி முழுக்க எதிரி ஆட்கள். அதனால யாத்திரை போறவங்க மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு சின்னக் கூட்டமா கிளம்புறாங்க.

மராத்திய வரலாற்று நூல்கள் சொல்ற ஒரு சம்பவம்: பெங்களூர்ல தங்கினப்போ, கூட வந்த ஆள் ராஜாராமோட காலைக் கழுவி விட்டிருக்கார். பார்த்தவங்களுக்கு சந்தேகம். எல்லாரும் யாத்ரீகர்னா, ஒருத்தருக்கு மட்டும் எதுக்கு இந்த மரியாதை? விஷயம் முகலாய அதிகாரிகளுக்குப் போகுது. ராஜாராம் வேற வழியா நழுவிட்டார். பின்தங்கி நின்ன கண்டோ பல்லாளும் மத்தவங்களும் பிடிபட்டு, அடி வாங்கியும், "நாங்க வெறும் யாத்ரீகர்தான்"னு சாதிச்சிருக்காங்க. அந்த வருஷக் கடைசியில ராஜாராம் செஞ்சி வந்து சேர்ந்தார். அப்புறம் 1698 வரைக்கும் இந்தக் கோட்டை முற்றுகையைத் தாங்கினது தனி எபிசோட்.

நான் இதுல கவனிக்கறது ஒண்ணுதான். அந்தக் காலைக் கழுவினவர் துரோகி இல்ல. அன்புலயும் பழக்கத்துலயும் பண்ணது. அதுதான் காட்டிக் கொடுத்துச்சு.

அந்த போட்டோ

இப்ப என் செல்ஃபிக்கு வர்றேன். பத்து நிமிஷத்துல 40 ஹார்ட் வந்துச்சு. ஒருத்தன் அதை இன்னொரு குரூப்புக்குத் தள்ளினான். அங்கிருந்து அண்ணனோட அக்கா ஃபோனுக்கு. அங்கிருந்து அம்மாவுக்கு. நாங்க டீ குடிச்சு முடிக்கல, அவர் ஃபோன் அடிக்குது.

டிப்ளமோ படிச்சவர். வீட்டுல "ஏசி ரூம்ல உக்காந்து பிளான் பார்க்குற வேலை"ன்னு சொல்லி வச்சிருந்தார். அப்படிச் சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினாராம். வந்து பார்த்தா வெயில்ல பள்ளம் தோண்டுற வேலை. கட்டின பணத்துக்குக் கடன் இருக்கு, திரும்பிப் போக முடியாது. அம்மா கவலைப்படுவாங்கன்னு மறைச்சுட்டார். வீட்டுல அப்போ பொண்ணு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்த போட்டோவுல அவர் சிரிப்பை யாரும் பார்க்கல. ஜாக்கெட்டையும் சேறையும்தான் பார்த்தாங்க.

ஃபோனை வச்சுட்டு அவர் என்னைத் திட்டல. "பரவால்ல தம்பி, எப்பவாச்சும் தெரியவேண்டியதுதானே"ன்னார். அந்த டீக்கும் அவரே காசு கொடுத்தார். நான் இன்னைக்கு வரைக்கும் அதை மறக்கல.

உலகம் சின்னதுன்னு நான் போட்ட அந்த ஒரு வரி, அவர் வாழ்க்கையை நிஜமாவே சின்னதாக்கிடுச்சு. ஊரை விட்டு ரொம்ப தூரம் வந்து, தன்னைப் பத்தி தானே முடிவு பண்ணிக்க அவருக்கு இருந்த கொஞ்சம் இடத்தை நான் எடுத்துட்டேன். மறைக்குறதுக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கும். வேலை போனது, கூட வந்த ஆள் யாருன்னு வீட்டுக்குத் தெரியாதது, ஆஸ்பத்திரிக்கு வந்தது, சும்மா தனியா இருக்கணும்னு வந்தது.

அதனால இப்ப நான் கடைப்பிடிக்கறது ரொம்ப சிம்பிள். எதிர்ல தெரிஞ்சவரைப் பார்த்தா, முதல்ல அவர் கண்ணைப் பார்ப்பேன். அவர் திரும்பிக்கிட்டா நானும் பார்க்காத மாதிரி போயிடுவேன். நின்னா நிப்பேன். போட்டோ எடுக்கலாமான்னு கேப்பேன். எடுத்தா, "குரூப்ல போடலாமா?"ன்னு தனியா இன்னொரு தடவை கேப்பேன். ரெண்டும் வேற வேற கேள்வி.

2025 ஜூலையில செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்துச்சு. மராத்திய ராணுவக் கோட்டைகள்னு 12 கோட்டை, அதுல தமிழ்நாட்டுல இருக்குறது இது ஒண்ணுதான். இனி எங்கெங்கயோ இருந்து வர்றவங்க ராஜகிரி ஏறுவாங்க. அந்தப் பாலத்துல ரெண்டு பேர் நின்னு, அவங்க பாஷையில "நீ எங்க இங்க?"ன்னு கத்துறதை ஒரு நாள் நானே கேப்பேன்னு நினைக்கிறேன்.

அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கடனை அடைச்சுட்டு ஊருக்கே வந்துட்டார். போன பொங்கலுக்கு காந்தி பஜார்ல பார்த்தேன். ரெண்டு பேரும் நின்னு அரை மணி நேரம் பேசினோம். போட்டோ எடுக்கல.

உங்களுக்கு இப்படி ஒரு சந்திப்பு நடந்திருந்தா எழுதி அனுப்புங்க. அவங்க பேரை மட்டும் எழுதாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.