தொகை மாறிக்குள் இருப்பது என்ன?

நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர் பலர் முதலில் தடுமாறும் இடம், ஓர் அணியிலுள்ள எண்களை மடக்கின் துணையால் கூட்டும் பயிற்சியாகும். அரே எனவும் வழங்கும் அணி என்பது, ஒரே வகை மதிப்புகள் பலவற்றை நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்து, அவற்றை ஒரே பெயரால் குறிக்கும் அமைப்பு. அதில் ஒவ்வொரு மதிப்பின் இடத்தையும் காட்டும் எண் சுட்டெண் எனப்படும். லூப் எனப்படும் மடக்கோ, நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை சில கட்டளைகளைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றுவது.

72, 65, 88, 40, 91 என்னும் ஐந்து மதிப்பெண்கள் ஓர் அணியில் இருந்தால், சி, ஜாவா போன்ற மொழிகளில் அவற்றின் சுட்டெண்கள் 0 முதல் 4 வரை அமையும். தொகை என்னும் மாறிக்கு 0 என்ற தொடக்க மதிப்பை அளித்து மடக்கினுள் நுழைந்தால், அது சுற்றுதோறும் 72, 137, 225, 265, 356 என வளரும். இவ்வளர்ச்சியைத் தாளில் எழுதிப் பார்ப்பதற்கு இணையான பயிற்சி தொடக்கநிலையில் வேறில்லை. ஏனெனில், அதுவரை கடந்துவந்த உறுப்புகளின் கூட்டுத்தொகையே தொகை மாறியில் இருக்கிறது என்னும் உண்மை எந்தச் சுற்றிலும் பிறழாமல் நிற்பது அப்போதுதான் புலப்படும். இவ்வாறு மடக்கு முழுவதும் மாறாது நிற்கும் கூற்றை, நிரலின் சரித்தன்மையை நிறுவும் முறைக்கு அடித்தளமாக்கியவை ராபர்ட் ஃபிளாய்ட் 1967-இலும் டோனி ஹோர் 1969-இலும் வெளியிட்ட கட்டுரைகளாகும்.

வழக்கமான பிழைகள் அனைத்தும் அக்கூற்று முறிவதன் விளைவுகளே. தொகையை 0 ஆக்கும் கட்டளையை மடக்கினுள் வைத்துவிட்டால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய உழைப்பை அழித்துவிடுவதால் இறுதியில் 91 மட்டுமே எஞ்சும். சுட்டெண்ணை 1-இலிருந்து தொடங்கினால் 72 விடுபட்டு 284 என விடை வரும். சுட்டெண் 5 ஆகும் சுற்றையும் சேர்த்து மடக்கை ஓடவிட்டால் ஜாவா பிழை அறிவித்து நின்றுவிடும். சி மொழியோ அத்தகைய சோதனை எதையும் செய்வதில்லை என்பதால், அணிக்கு அப்பாலுள்ள தொடர்பற்ற மதிப்பையும் கூட்டிவிட்டு எதுவும் நடவாததுபோல் மேலே சென்றுவிடக்கூடும். பிழை அறிவிப்பைவிட இந்த மௌனமே ஆபத்தானது.

இன்று இரண்டு மூன்று வரிகளில் முடியும் இவ்வேலை தொடக்ககாலக் கணினிகளில் எளிதாக இருக்கவில்லை. கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில், அடுத்த எண்ணை எடுப்பதற்காக, நிரல் தன் கூட்டல் கட்டளையில் இருந்த நினைவக முகவரியைத் தானே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அதே காலத்தில் மான்செஸ்டரில் உருவான கணினி, அந்த முகவரி மாற்றத்தைத் தனிப் பதிவகம் ஒன்றிடம் ஒப்படைத்தது; இன்றைய சுட்டெண்ணின் முன்னோடி அதுவே.

கூட்டலில் 0-இலிருந்து தொடங்குவதை மனப்பாட விதியாகக் கொள்வோர் அடுத்த பயிற்சியிலேயே இடறுவர். எந்த உறுப்பையும் இன்னும் கடக்காத நிலையில் கூட்டுத்தொகை 0 என்பதால்தான் அத்தொடக்கம் பொருந்துகிறது. பெருக்குத்தொகை காணும் மடக்கு அதே காரணத்தால் 1-இலிருந்து தொடங்க வேண்டும். மிகப்பெரிய மதிப்பைத் தேடும் மடக்கில் அணியின் முதல் உறுப்பையே தொடக்கமாகக் கொள்வது தக்கது. அவ்வாறின்றி 0-ஐக் கொண்டால், -3, -8, -5 என்னும் வெப்பநிலைகளுள் உயர்ந்தது -3 எனக் கூறுவதற்கு மாறாக, அவ்வணியில் எங்கும் இல்லாத 0-ஐ நிரல் விடையாகத் தரும்.