நீர்த்தெள்ளு சொல்லும் சேதி

குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்தால், துள்ளித் துள்ளி நீந்தும் சிறு புள்ளிகள் தெரியும். இவையே நீர்த்தெள்ளுகள். ஓர் இரசாயனம் நீருக்கு ஆபத்தானதா என அறிய ஆய்வாளர்கள் இவற்றைத்தான் நாடுகிறார்கள். 48 மணித்தியாலத்தில் அசைவற்றுப் போகின்றனவா என்பது ஒரு சோதனை. 21 நாட்களில் எத்தனை குஞ்சு பொரிக்கின்றன என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது சோதனையே நமக்கு முக்கியம். தாய்த்தெள்ளு சாகாமலே இருக்கலாம். ஆனால் அது முதுகுப் பையில் முட்டைகளைச் சுமக்கிறது. அங்கு வளரும் குஞ்சினுள்ளேயே அதன் பிள்ளைகளுக்கான உயிரணுக்களும் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. ஆக, நீரில் கலந்த நஞ்சு தாய், பிள்ளை, பேரப்பிள்ளை என மூவரையும் ஒரே வேளையில் தொடுகிறது.

டென்மார்க்கிலும் இத்தகைய சிற்றுயிர் ஒன்று உண்டு. இறாலுக்குத் தூரத்து உறவான, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள அக்கார்சியா என்ற கடலுயிரை ஓரசுன்ட் நீரிணையில் பிடித்து, 1981 முதல் தலைமுறை தலைமுறையாக ஆய்வுகூடத்தில் வளர்த்து வந்தார்கள். நம்மவர் இந்நாட்டுக்கு வரத் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது!

இனி நம் வீட்டுக்கு வருவோம். பி.வி.சி. பிளாஸ்ரிக் இயல்பில் விறைப்பானது. அதை மெதுமையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருட்களே ஃப்தலேற்றுகள். இவை பிளாஸ்ரிக்குடன் இறுகப் பிணைவதில்லை. தலையில் வைத்த நல்லெண்ணெய் தலையணையில் ஒட்டுவதுபோல, மெல்ல மெல்லக் கசிந்து தூசியிலும் குழந்தையின் வாயிலும் சேர்கின்றன.

2009இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கர்ப்பமான எலிகளுக்கு நான்கு இரசாயனங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று டி.ஈ.எச்.பி. என்னும் ஃப்தலேற்று. தனித்தனியே தீங்கு காட்டாத அளவுகள்கூட, ஒன்றுசேர்ந்தபோது ஆண் குட்டிகளின் பிறப்புறுப்பைக் குறையுள்ளதாக்கின. எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதருக்கும் நேரும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் "கொஞ்சம்தானே" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

மூன்று வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருட்களில் ஃப்தலேற்றுகளை டென்மார்க் 1999இல் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான விளையாட்டுப் பொருள் தடை 2007இல் நடைமுறைக்கு வந்தது. வேறு பாவனைப் பொருட்களிலும் நான்கு ஃப்தலேற்றுகளைத் தடுக்கப்போவதாக 2012இல் அறிவித்த டெனிஷ் அரசு, 2014இல் அதைக் கைவிட்டது. 2020இல்தான் ஒன்றியம் அதைச் செய்தது. சட்டம் ஆமை வேகத்தில்தான் நகர்கிறது.

புதிதாகக் குடியேறிய குடும்பங்கள் பழைய பொருட்களை வாங்குவதில் வெட்கமேதுமில்லை. நாம் எல்லோரும் வாங்கியவர்களே. லொப்பமார்க்கெட்டில் மரக் கட்டைகள், புத்தகங்கள், துணிப் பொம்மைகளைத் தாராளமாக வாங்குங்கள். 2007க்கு முந்திய மெதுபிளாஸ்ரிக் பொம்மைகளை, குறிப்பாகக் கையில் பிசுபிசுத்து மணப்பவற்றை, யார் இலவசமாகத் தந்தாலும் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். புதிய பொம்மையையும் கழுவியே கொடுங்கள். ஃப்தலேற்று எண்ணெயில் நன்றாகக் கரையும். எனவே கறியைச் சூடாக்கக் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரமே நல்லது. குளிருக்குப் பயந்து யன்னலைப் பூட்டியே வைக்காமல், நாளுக்கு இரண்டு மூன்று தடவை சில நிமிடங்கள் திறந்துவிடுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் கொம்யூனிலிருந்து சுகாதாரத் தாதி வருவார். சந்தேகமான பொம்மை இருந்தால் எடுத்துக் காட்டிக் கேளுங்கள்.