கச்சான் கடந்து வரும் மலை

ஆடியில் மட்டக்களப்பில் நம் முகத்தைச் சுடும் கச்சான் காற்று, ஊவா மலைகளைத் தாண்டித்தான் வருகிறது. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்கும் காற்று அது. ஊவாத் தேயிலைக்கு மணம் கூடுவதும், மலைப்பாதைகள் காய்ந்து ஜீப் ஏறக்கூடியதாவதும் அந்த மாதங்களில்தான்.

அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அங்கே நிற்கிறது. அதற்கு மேலே வளைந்து வளைந்து ஏறும் ஒடுங்கிய தோட்டப்பாதை. எதிரே லொறி வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போகத்தான் வேண்டும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல் சிறிய கியரில் இறங்குவது நல்லது. உச்சியில், சுமார் 1970 மீற்றர் உயரத்தில், லிப்டன் சீற். விடியலிலேயே போய்விடுங்கள், பிந்தினால் மூடுபனிதான்.

சுற்றுலாக்காரர் கல்லும் குழியும் தேடி வரும் இத்தகைய பாதைகளில்தான் தோட்டப் பெண்கள் கொழுந்தைச் சுமந்து மடுவத்துக்கு நடக்கிறார்கள். பிரசவ வலி கண்டவளும் இந்தக் குழிகளில் குலுங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

தெற்கே, கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பரில் டிட்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. ஆகவே பாதையை விசாரித்துக்கொண்டே புறப்படுங்கள்.

1977 கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அம்மம்மா சொன்ன தோட்டத்தின் பெயர் நினைவிருந்தால் ஜீப் சாரதியிடம் கேட்டுப் பாருங்கள். பலகையில் எழுதியிருப்பது வேறு பெயராக இருக்கலாம். அம்மம்மா சொன்ன தமிழ்ப் பெயரையே சொல்லுங்கள், அவருக்கு விளங்கும்.